'வாக்கபவுட்' படத்தில் பழங்குடிப் பையன் பேசுவதற்கு ஏன் சப்டைட்டில் இல்லை?

வேண்டுமென்றேதான் போடவில்லை என்று நினைக்கிறேன். நிக்கோலஸ் ரோக் இயக்கி, ஒளிப்பதிவும் செய்து 1971-இல் வந்த படம் இது. ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் அப்பா தற்கொலை செய்துகொள்ள, பள்ளிச் சீருடையோடு ஓர் அக்காவும் சின்னத் தம்பியும் தனியாகத் தவிக்கிறார்கள். அவர்களுக்குப் புரியாத மொழி நமக்கும் புரியக்கூடாது, அவ்வளவுதான்.

அந்தத் தண்ணீர்க் காட்சியைத் திரும்பப் பாருங்கள். குட்டை ஒரே இரவில் வற்றிவிடுகிறது. பழங்குடிப் பையன் வந்ததும் அக்கா ஆங்கிலத்தில் "தண்ணீர், தண்ணீர்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. தம்பிதான் குடிப்பதுபோல் சைகை காட்டுகிறான். உடனே அந்தப் பழங்குடிப் பையன் சிரித்துவிட்டு, காய்ந்த தரையில் நாணல் குழலைச் செருகி உறிஞ்சுகிறான், தண்ணீர் வருகிறது! சப்டைட்டில் இருந்திருந்தால் அந்தச் சைகைக்கு இவ்வளவு மதிப்பு இருந்திருக்காது.

தம்பி சீக்கிரமே அவனோடு பழகிவிடுகிறான். அக்காவால் கடைசிவரை முடியவில்லை. அவளுக்காக அவன் ஆடும் நடனத்தைக்கூடப் பார்த்துப் பயப்படுகிறாள். எனக்கு மனசு கனத்துப்போன இடம் அது.

அப்புறம், அந்தப் பையனாக நடித்த டேவிட் குல்பிலிலுக்கு இதுதான் முதல் படம். தம்பியாக வருவது இயக்குநரின் சொந்த மகன்.