பதில்: ஏலத்துக்கு வந்த போலீஸ் பேக்கியை வாங்கலாமா?

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் உங்கள் தெருக்காவல் குழுவின் இரவு ரோந்துக்கு, ஏலத்துக்கு வந்திருக்கும் பழைய போலீஸ் பேக்கியை (பிக்கப் வண்டியை) எடுக்கலாமா, கிலோமீட்டர் குறைவாகத்தானே ஓடியிருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கிலோமீட்டரை நம்பாதீர்கள்.

ரோந்து வண்டி எஞ்சின் அணையாமல் மணிக்கணக்கில் நிற்கும். விளக்கு, ரேடியோ, ஏசி எல்லாவற்றுக்கும் அதுதான் கரண்ட் கொடுக்க வேண்டும். அமெரிக்கப் போலீஸ் கார்களுக்கு ஃபோர்டு சொல்லும் கணக்கில், வண்டி நின்றபடி எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடினால் சுமார் 33 மைல் ஓடிய தேய்மானம். அங்கே 2020 மாடல் எக்ஸ்ப்ளோரர் போலீஸ் வண்டிக்கு ஹைப்ரிட் வந்ததும் இதற்காகவே: நிற்கும்போது சுமையை பேட்டரி ஏற்கும், எஞ்சின் தேவைப்பட்டால் மட்டும் எழும். அங்கே மிச்சிகன் மாநிலக் காவல்துறை போலீஸ் வண்டிகளுக்கு ஆண்டுதோறும் நடத்தும் சோதனையில் வேகத்தோடு பிரேக், இருக்கை வசதி, ரேடியோ பொருத்தும் இடம் வரை பார்க்கிறார்கள்.

உங்களுக்கோ துரத்தும் வேலையே இல்லை (இருக்கவும் கூடாது!). சாட்ஸ்வொர்த் மேடுகளில் மெதுவாக ஏறி இறங்கினால் தேய்வது கிளட்சும் பிரேக்கும்தான். என்னைக் கேட்டால், சர்வீஸ் புத்தகம் முழுசாக உள்ள, டர்பனில் உதிரிபாகம் சுலபமாகக் கிடைக்கும் சின்ன ஹேட்ச்பேக் போதும்.

பேக்கிதான் என்று பிடிவாதமாக இருந்தால், டேஷ்போர்டுக்கு அடியில் ரேடியோவைக் கழற்றிய இடத்து வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள். நீல விளக்கு போலீசுக்கு உரியது, மாட்டிவிடாதீர்கள். யார் யார் ஓட்டப் போகிறீர்கள் என்பதை இன்சூரன்ஸ்காரரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.