நண்பர்கள் ஏன் ஓடினார்கள்?

அன்புள்ள ஐயா,

போதைப்பொருள் தடை தோற்றுவிட்டது, சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்புவதை நிறுத்த வேண்டும் என்று சென்ற வாரம் எழுதியிருந்தீர்கள். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குக் கோபம் அடங்கவில்லை. என் தம்பி ஹெராயினால் செத்தவன். வயது இருபத்தாறு. பொட்டலத்துடன் பிடிபட்டு ஏழு மாதம் சிறையில் இருந்தான். உடம்பு தேறி வீட்டுக்கு வந்தான். திருந்திவிட்டான் என்று நம்பினோம். ஒன்பதாம் நாள் இரவு போய்விட்டான். கூட இருந்த இரண்டு நண்பர்கள் அவன் மூச்சு அடங்குவதைப் பார்த்தும் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் ஓடிவிட்டார்கள். ஏழு மாதத்துக்குப் பதில் ஏழு வருடம் உள்ளே வைத்திருந்தால் இன்று உயிரோடு இருப்பான். சட்டம் போதுமான அளவு கடுமையாக இல்லை என்பதுதான் குறை. சிங்கப்பூரைப் பாருங்கள். நீங்கள் சொல்வதை அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் செய்துபார்த்துவிட்டு அவர்களே கைவிட்டார்களே, அதை ஏன் எழுதவில்லை? உங்கள் தம்பியாக இருந்தால் அவன் கையில் நீங்களே ஹெராயினைக் கொடுப்பீர்களா?

பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் சம்மதத்தைக் கேட்டுப் பெற்ற பிறகே கடிதத்தை வெளியிடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய வரிகளை எடுத்துவிட்டேன். நீங்கள் கேட்டவற்றுக்கு வருவதற்கு முன், போகிற போக்கில் நீங்கள் எழுதிச் சென்ற இரண்டு செய்திகளைப் பற்றிப் பேச வேண்டும். ஒன்று, ஒன்பதாம் நாள். இன்னொன்று, ஓடிப்போன நண்பர்கள்.

ஹெராயினை நாள்தோறும் எடுப்பவரின் உடல் அதற்குப் பழகிவிடுகிறது. தொடக்கத்தில் ஆளையே கொன்றிருக்கக்கூடிய அளவு, ஓராண்டு கழித்து கைநடுக்கத்தை நிறுத்தத்தான் போதுமானதாக இருக்கும். பழக்கத்தை விட்டால் சில வாரங்களிலேயே அந்தத் தாங்குதிறன் போய்விடுகிறது. ஏக்கம் மட்டும் போவதில்லை. சிறையிலிருந்து வருகிறவன் பழைய கணக்கில் பழைய அளவை எடுக்கிறான், உடல் அதை முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்க்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. விடுதலையான முதல் இரண்டு வாரங்களில் அவர்கள் போதைப்பொருளின் மிகை அளவால் சாகும் வாய்ப்பு, மற்ற மக்களுக்கு இருப்பதைப்போல 129 மடங்கு. உங்கள் தம்பியின் உடலில் என்ன நடந்தது என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் ஒன்பது நாள் என்று படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்த எண்தான். உடம்பு தேறி வந்தான் என்கிறீர்கள். அந்தத் தேறலில்தான் ஆபத்து இருந்திருக்கலாம். ஏழு வருடம் உள்ளே இருந்திருந்தாலும் ஓர் ஒன்பதாம் நாள் அவனுக்கு வந்தே தீரும். இதை உங்களிடம் சொல்வது எனக்கு எளிதாக இல்லை.

வாயிலைத் திறந்துவிடும்போது யாராவது அவனிடம் இதைச் சொன்னார்களா? ஸ்காட்லாந்தில் 2011 முதல், விடுதலையாகிறவர் கையில் நாலோக்ஸோன் என்ற மருந்தைக் கொடுத்து அனுப்பும் ஏற்பாடு இருக்கிறது. ஹெராயின் போன்ற அபின் வகைப் பொருள்கள் மூளையில் பற்றிக்கொள்ளும் இடத்திலிருந்து அவற்றை விலக்கி, நின்றுகொண்டிருக்கும் மூச்சைச் சில நிமிடங்களில் மீட்டுத் தரும் மருந்து அது. மூக்கில் பீய்ச்சினால் போதும். படிப்பு வேண்டாம், ஊசி வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை, பக்கத்தில் ஓர் ஆள் இருக்க வேண்டும், அந்த ஆள் ஓடிவிடக் கூடாது.

நண்பர்கள் ஏன் ஓடினார்கள்? நீங்கள் துரோகம் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அந்த அறையில் அந்த நேரத்தில் அவர்கள் மனத்தில் ஓடியிருக்கக்கூடிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். பையில் மிச்சப் பொட்டலம். ஆம்புலன்ஸ் வந்தால் பின்னாலேயே போலீஸ் வரும். பொட்டலம் ஒரு வழக்கு, கிடப்பவன் செத்துவிட்டால் இன்னொரு வழக்கு. சேர்ந்து பயன்படுத்தியவன் செத்தால் பொருளைக் கொடுத்தவன் மீது கொலைக்கு நிகரான குற்றம் சாட்டும் சட்டங்கள் அமெரிக்க மாநிலங்கள் சிலவற்றில் இன்றும் இருக்கின்றன. உதவிக்குக் கூப்பிடுகிறவனையே முதல் குற்றவாளியாக நிறுத்தும் சட்டத்தின் கீழ் வாழ்கிறவர்கள் ஓடத்தான் செய்வார்கள். நியூ மெக்சிகோ மாநிலம் இதைப் புரிந்துகொண்டு 2007இல், மிகை அளவுக்கு உதவி கேட்பவர் மீது பொருள் வைத்திருந்ததற்காக வழக்குத் தொடரக் கூடாது என்று சட்டம் போட்டது. கனடா 2017இல் நாடு முழுமைக்கும் போட்டது. இத்தனை சின்ன மாற்றத்துக்கு இத்தனை ஆண்டுகள். அதற்கும்கூட, போதைக்காரர்களுக்குச் சலுகையா என்று எதிர்ப்பு வந்தது!

அந்தப் பொட்டலத்தில் என்ன இருந்தது என்பதும் யாருக்கும் தெரியாது. விற்றவனுக்கே தெரிந்திருக்காது. தடையின் இந்தப் பக்கத்தைத்தான் மக்கள் அதிகம் யோசிப்பதில்லை. ஒளித்துக் கடத்த வேண்டிய பொருள் எவ்வளவு சிறியதாகவும் எவ்வளவு வீரியமாகவும் இருக்கிறதோ அவ்வளவு லாபம். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது கள்ளச்சந்தையில் பீரைவிடக் கடும் சாராயமே ஓடியது. ஒரு பீப்பாய் பீரை ஏற்றும் இடத்தில் அதைப்போலப் பல மடங்கு போதையை ஏற்றலாம் அல்லவா? தொழிற்சாலைச் சாராயத்தைத் திருடிக் குடிக்கிறார்கள் என்று அரசே அதில் இன்னும் அதிக மெத்தில் ஆல்கஹாலைக் கலக்க உத்தரவிட்டது, குடித்தவர்கள் செத்தார்கள். குடிமக்களைக் குடியிலிருந்து காப்பாற்றத்தான் அதையும் செய்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆசியாவிலும் இதே கதைதான். ஹாங்காங், தாய்லாந்து, லாவோஸ் ஆகிய இடங்களில் அபினுக்குத் தடை வந்த பிறகு ஹெராயின் பரவியதை 1976இலேயே ஜோசஃப் வெஸ்டர்மேயர் என்ற மனநல மருத்துவர் எழுதியிருக்கிறார். அபின் புகைக்கும் கிழவர்கள் இருந்த இடத்தில் ஊசி குத்தும் இளைஞர்கள் வந்தார்கள். புகையின் வாசனை காட்டிக்கொடுக்கும், ஊசிக்கு வாசனை இல்லை. இப்போது ஹெராயினின் இடத்தில் ஃபெண்டனில் வந்திருக்கிறது. வயல் வேண்டாம், மழை வேண்டாம், வேதிப்பொருள் இருந்தால் போதும். ஹெராயினைப்போல ஏறத்தாழ 50 மடங்கு வீரியம். இரண்டு மில்லிகிராம் ஆளைக் கொல்லலாம். அமெரிக்காவில் 2021இலும் 2022இலும் மிகை அளவால் செத்தவர்கள் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கும் மேல். ரிச்சர்ட் நிக்சன் போதைப்பொருளை முதல் எதிரி என்று அறிவித்து அரை நூற்றாண்டு ஆன பிறகு வந்த எண் இது. போலீஸ் இல்லாத நாட்டில், சிறை கட்டப் பணமில்லாத நாட்டில் வந்ததும் அல்ல.

சிங்கப்பூருக்கு வருகிறேன். அங்கே பயன்பாடு குறைவு என்பது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. 15 கிராமுக்கு மேல் சுத்த ஹெராயினைக் கடத்தினால் தூக்கு என்பதும் உண்மை. ஆனால் அது எல்லைகளை உள்ளங்கைபோலக் காவல் காக்கக்கூடிய ஒரு சிறிய பணக்காரத் தீவு. பிடிபட்டவரைக் கட்டாயச் சிகிச்சைக்கு அனுப்பி, வெளியே வந்த பிறகும் சிறுநீர்ப் பரிசோதனை வைத்து ஆண்டுக்கணக்கில் கண்காணிக்கும் ஏற்பாடு அங்கே இருக்கிறது. அப்படியிருந்தும் ஆண்டுதோறும் மூவாயிரம் பேர் அளவில் கைதாகிறார்கள். தூக்கு மட்டும் போதுமென்றால் ஈரானைப் பாருங்கள். போதைப்பொருள் குற்றத்துக்காக நூற்றுக்கணக்கானோரைத் தூக்கிலிட்ட ஆண்டுகள் அந்த நாட்டுக்கு உண்டு, உலகிலேயே அபின் பழக்கம் மிக அதிகமாக உள்ள நாடுகளிலும் அது ஒன்று. பிலிப்பைன்ஸில் 2016 முதல் அப்போதைய அதிபர் ரோட்ரிகோ துதெர்தே போதைப்பொருளுக்கு எதிராக நடத்திய வேட்டையில், அரசே ஒப்புக்கொண்ட கணக்கின்படி ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பெரும்பாலும் ஏழைகள். மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் அங்கே இன்றும் கிடைக்கிறது. துதெர்தே 2025 மார்ச்சில் கைதாகி ஹேக் நகரத்துச் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் முன் நிறுத்தப்பட்டார்.

ஒரிகனைப் பற்றி எழுதாதது என் தவறு. ஒப்புக்கொள்கிறேன். 2020இல் வாக்கெடுப்பு நடத்தி, சிறு அளவு வைத்திருப்பதைக் குற்றப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். 2024 செப்டம்பரில் மீண்டும் குற்றமாக்கினார்கள். நடுவில் நடந்தது என்ன? பிடிபட்டவருக்கு 100 டாலர் அபராதச் சீட்டு. ஒரு தொலைபேசி எண்ணைக் கூப்பிட்டுப் பேசினால் அபராதமும் இல்லை. பெரும்பாலோர் கூப்பிடவே இல்லை. சிகிச்சைக்கான பணம் போய்ச் சேரத் தாமதமானது. அதே ஆண்டுகளில் ஃபெண்டனில் வேறு அந்த மாநிலத்தில் வந்து இறங்கியது. தண்டனை போனது, அதன் இடத்தில் எதுவும் வந்து உட்காரவில்லை. தெருவில் கண் முன்னே ஊசி குத்துவதைப் பார்த்த மக்கள் வெறுத்துப்போனதில் வியப்பில்லை.

போர்ச்சுகல் செய்தது வேறு. 2001 ஜூலை முதல், பத்து நாள் பயன்பாட்டுக்கு மேற்படாத அளவு வைத்திருப்பது அங்கே குற்றம் இல்லை. விற்பது இன்றும் குற்றம். பிடிபட்டவர் நீதிமன்றத்துக்குப் பதிலாக மூன்று பேர் கொண்ட ஒரு குழுவின் முன் போகிறார். அங்கே அவரோடு பேசுகிறார்கள், சிகிச்சை தேவையா என்று பார்க்கிறார்கள், இடம் வாங்கித் தருகிறார்கள். சட்டத்தை மாற்றியது பாதி வேலை. சிகிச்சை மையங்களையும், ஹெராயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் மருந்தான மெத்தடோனைக் கொண்டுவரும் வண்டிகளையும் பெருக்கியது மீதிப் பாதி. ஊசி வழியாக எச்.ஐ.வி. பரவியது பெருமளவு குறைந்தது, நாடு போதைக்காரர்களின் புகலிடமாக மாறிவிடும் என்ற பயம் பலிக்கவில்லை. 2012இல் பொருளாதார நெருக்கடியில், இந்தச் சிகிச்சைப் பணிகளை நடத்திவந்த அமைப்பைக் கலைத்துப் பணத்தையும் குறைத்தார்கள். போர்த்தோ போன்ற நகரங்களில் தெருக்கள் மறுபடி கெட்டுவருகின்றன என்று அங்கிருந்தே முணுமுணுப்பு எழுந்திருக்கிறது.

எல்லாவற்றையும் கடையில் வைத்து விற்கலாம் என்று நான் சொல்வதாக நினைத்துவிடாதீர்கள். வியாபாரிகளிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆக்ஸிகான்டின் என்ற அபின் வகை வலிநிவாரணி மாத்திரையைவிட வேறு சான்று வேண்டியதில்லை. சட்டப்படி அனுமதி பெற்ற மருந்து, மருத்துவர் சீட்டில் எழுதியது, 1996இல் சந்தைக்கு வந்தது. அதைத் தயாரித்த பர்டூ நிறுவனம் 2020இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்குள் ஒரு தலைமுறை அடிமையாகியிருந்தது. தாய்லாந்தும் 2022இல் கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, விதிகளை எழுத மறந்து, மூன்றாண்டு கழித்து மருத்துவச் சீட்டு வேண்டும் என்று திரும்பி வந்தது. தடைக்கும் திறந்த சந்தைக்கும் நடுவே நிறைய இடம் இருக்கிறது. அமெரிக்காவில் 1965இல் பெரியவர்களில் 42 சதவீதம் பேர் புகைபிடித்தார்கள், இன்று எட்டில் ஒருவர் அளவுக்குக்கூட இல்லை. வரி போட்டார்கள், தொலைக்காட்சி விளம்பரத்தை நிறுத்தினார்கள், பொது இடங்களிலிருந்து விரட்டினார்கள். சிகரெட் பிடித்ததற்காக ஒருவரையும் ஏழு மாதம் உள்ளே போடவில்லை.

உங்கள் கடைசிக் கேள்வி. 1980களின் இறுதியில் சூரிச் நகரத்தில் அருங்காட்சியகத்துக்குப் பின்னால் இருந்த பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் வெட்டவெளியில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1992இல் பூங்காவைப் பூட்டினார்கள். கூட்டம் கைவிடப்பட்ட லெட்டன் ரயில் நிலையத்துக்கு நகர்ந்தது, அவ்வளவுதான். 1994இல் சுவிட்சர்லாந்து, வேறு எந்தச் சிகிச்சையாலும் மீளாதவர்களுக்கு மருத்துவமனையிலேயே சுத்தமான ஹெராயினைக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நாளுக்கு இரண்டு முறை வர வேண்டும், செவிலியர் பார்த்துக்கொண்டிருக்க அங்கேயே ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது அப்போதைய விதி. அளவு தெரியும், கலப்படம் இல்லை, திருட வேண்டியதில்லை, மூச்சு தடுமாறினால் பக்கத்தில் ஆள் இருக்கிறார். 2008இல் இதை மக்களிடம் வாக்கெடுப்புக்கு விட்டபோது 68 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். அதே நாளில் அதே மக்கள் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கும் யோசனையைத் தோற்கடித்தார்கள். போதையின் மீது காதல் கொண்டு போட்ட வாக்கு இல்லை அது.

ஆகவே, ஆம். மெத்தடோனும் மற்ற சிகிச்சைகளும் கைகொடுக்காமல் போயிருந்தால் என் தம்பியை நானே அங்கே அழைத்துப்போவேன். அவன் உள்ளே போய் வரும்வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். அவமானமாகத்தான் இருக்கும்.

அந்த இரண்டு நண்பர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், இன்னும் எடுக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. என்றாவது எதிர்ப்பட்டால், அவர்களைத் திட்டி முடித்த பிறகு, நாலோக்ஸோன் என்ற பெயரை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள்.

அன்புடன்.