போலியோ ஒழிந்த நாட்டில் மலமாதிரி எதற்கு?

கேள்வி: என் தங்கையின் ஐந்து வயது மகனுக்குச் சென்ற மாதம் திடீரென இரண்டு கால்களும் துவண்டுவிட்டன. மருத்துவமனையில் சேர்த்த மறுநாளே சுகாதாரத் துறையினர் வந்து, போலியோ கண்காணிப்புக்காக என்று சொல்லி, இரண்டு முறை மலமாதிரி வாங்கிச் சென்றார்கள். அவனுக்குச் சொட்டு மருந்து ஒரு தவணைகூடத் தவறியதில்லை. போலியோ இல்லாத நாடு என்று அறிவித்த பிறகும் இந்தச் சோதனை ஏன்? அக்கம்பக்கத்தார் பேச்சைக் கேட்டுத் தங்கை கலங்கிப்போயிருக்கிறாள்.
வாசகி, தென்காசி

பதில்: மலமாதிரி எடுத்ததால் குழந்தைக்குப் போலியோ என்று பொருள் அல்ல, இதை முதலில் உங்கள் தங்கையிடம் சொல்லுங்கள். 15 வயதுக்கு உட்பட்ட எந்தக் குழந்தைக்குக் கை, கால் திடீரெனத் துவண்டாலும், சொட்டு மருந்து முழுமையாகப் போட்டிருந்தாலும், மருத்துவருக்கு வேறு காரணம் தெளிவாகத் தெரிந்தாலும், அதைத் தெரிவித்தே ஆக வேண்டும். கில்லன் பாரே போன்ற நரம்பு நோய்களாலும் கால்கள் இப்படித் துவளும். கண்ணால் பார்த்துப் போலியோ இல்லை என்று உறுதிசெய்ய இயலாது. வைரஸ் மலத்தில் விட்டுவிட்டு வெளியேறுவதால், குறைந்தது 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரிகளை, கால் துவண்ட 14 நாட்களுக்குள் எடுத்து, குளிர் குறையாமல் ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள்.

இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்ட குழந்தைக்கு நோய் கண்டது 2011 ஜனவரி 13 அன்று, மேற்கு வங்கத்தின் ஹவுராவில். மூன்றாண்டுகளுக்கு மேல் காத்திருந்து, 2014 மார்ச் 27 அன்றுதான் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதிக்குச் சான்றிதழ் கிடைத்தது. நோயாளிகள் இல்லை என்பது மட்டும் அதற்குப் போதவில்லை; தேடியும் கிடைக்கவில்லை என்று நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கான அளவுகோல், போலியோ அல்லாத காரணங்களால் துவண்ட குழந்தைகளின் எண்ணிக்கை. 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவராவது இவ்வாறு கண்டறியப்பட வேண்டும் என்பது உலக அளவுகோல். இந்தியா அதை இரண்டாக உயர்த்திக்கொண்டது. ஒரு மாவட்டத்தில் இந்த எண் குறைந்தால் அதிகாரிகள் மகிழ்வதில்லை, கண்காணிப்பு தூங்கிவிட்டதோ என்று கவலைப்படுவார்கள். உங்கள் தங்கை மகனிடமிருந்து எடுத்த மாதிரியில் வைரஸ் இல்லை என்று தெரிந்தாலும், அந்த முடிவுக்குப் பயன் உண்டு.

பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் இயற்கை வைரஸ் இன்னும் இருக்கிறது. தொற்றுக்கு உள்ளாகும் சுமார் 200 பேரில் ஒருவருக்கே கால் முடங்குவதால், மற்றவர்கள் வழியாக அது சத்தமின்றிப் பரவ முடியும். அதனால்தான் மும்பையில் 2001 முதலே கழிவுநீரையும் சோதித்துவருகிறார்கள். 2022இல் லண்டன் கழிவுநீரிலும், நியூயார்க் மாநிலத்தின் கழிவுநீரிலும் தடுப்பு மருந்திலிருந்து உருமாறிய போலியோ வைரஸ் தென்பட்டது. வசதி மிகுந்த நாடுகளுக்கும் இந்தக் காவல் தேவைப்படுகிறது.

கேள்வி: சுகாதாரத் துறையினர் மறுபடியும் வருவார்களா? (அதே வாசகி)

பதில்: வரக்கூடும். கால் துவண்டு 60 நாள் கடந்த பின் தளர்ச்சி எஞ்சியிருக்கிறதா என்று சில குழந்தைகளை, குறிப்பாக மாதிரி உரிய காலத்தில் கிடைக்காதவர்களை, நேரில் பார்ப்பது வழக்கம். ஆய்வக முடிவுக்காகச் சிகிச்சையை நிறுத்திவைக்க மாட்டார்கள். நீங்களும் தள்ளிப்போட வேண்டாம். குழந்தையை வேறு ஊருக்கு அழைத்துச் செல்வதானால், அந்த முகவரியை அவர்களிடம் தெரிவித்துவிடுங்கள்.