மாறுதல் காலத்துக்கு முன்: கற்பனை சைக்கிள் அணிகளின் ஒப்பந்தங்கள் பற்றிக் கேள்வி பதில்

எங்கள் லீக்கில் வீரர்கள் அணி மாறுகிற மாறுதல் காலம் ஓகஸ்ட் 1 இல் தொடங்குகிறது. தெரியாதவர்களுக்கு: கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கத்துப் பிள்ளைகள் ஆளுக்கொரு தொழில்முறை சைக்கிள் அணியைக் கற்பனையாக உருவாக்கி, வீரர்களை எக்ஸெல் தாளில் ஏற்றி, ஐரோப்பியப் பந்தய நாட்காட்டியின்படி ஓட்டுகிற விளையாட்டு இது. வீரர்களும் அணிகளும் கற்பனை. ஒப்பந்த விதிகள் மட்டும் சர்வதேச சைக்கிளோட்ட ஒன்றியமான யூசிஐயின் விதிகளைத் தழுவியவை. ஒப்பந்தப் பதிவேடு என் கையில் இருப்பதால் கேள்விகளும் என்னிடமே வருகின்றன. இந்தமுறை வந்தவற்றுக்கு எல்லாரும் வாசிக்கும்படி இங்கே பதில் எழுதுகிறேன்.

புதுக்குடியிருப்பிலிருந்து: அண்ணை, நான் இந்த வருசம்தான் சேர்ந்தனான். கிரிக்கெட் ஏலம் மாதிரிக் காசைக் கட்டி ஆரையும் எடுக்கேலாதோ?

ஏலாது தம்பி. உதைபந்தாட்டத்தில் ஒரு கழகம் இன்னொரு கழகத்துக்குப் பெருந்தொகை கொடுத்து ஆளைக் கூட்டிக்கொண்டு போகும். சைக்கிளோட்டத்தில் அது வழமை இல்லை. ஒப்பந்தங்கள் டிசம்பர் 31 இல் முடியும். முடிந்தவர் தனக்குப் பிடித்த அணிக்குப் போவார், பழைய அணிக்கு ஒரு சதமும் வராது. ஆகவே ஒரு வீரரைப் பார்க்கும்போது அவருடைய மலையேற்றப் புள்ளியையும் ஸ்பிரிண்ட் (முடிவுக்கோட்டு வேக ஓட்டம்) புள்ளியையும் பார்க்க முதல், ஒப்பந்தம் எந்த ஆண்டில் முடிகிறது என்ற நிரலைப் பாருங்கோ.

ஒப்பந்தம் மிச்சம் இருக்கிற ஒருவர் மாறவே முடியாது என்றும் இல்லை. வீரர், பழைய அணி, புதிய அணி மூன்று பேரும் ஒத்துக்கொள்ள வேண்டும். பிறிமோஷ் ரொக்லிச் 2023 முடிவில் யும்போ விஸ்மாவை விட்டு போரா அணிக்குப் போனது அப்படித்தான். ரெம்கோ எவனபூல் 2026 வரை ஒப்பந்தம் இருந்தும் ஒரு வருடம் முந்தியே அதே அணிக்குப் போனார். எங்கள் லீக்கில் இப்படி எடுப்பதென்றால், மிச்ச ஆண்டுகளுக்குரிய முழுச் சம்பளத்தையும் பழைய அணியின் கணக்கில் வைக்க வேண்டும். முதல் பருவத்தில் அந்தப் பக்கம் போகாதீங்கோ. காசு முழுக்க ஒரே ஆளில் முடிந்துவிடும்.

மல்லாவியிலிருந்து: என்ர அணியில 30 பேர். அதில 17 பேருக்கு இந்த வருசம் முடியுது. லீடருக்கும் முடியுது. ஆரோட முதல் கதைக்கிறது?

இந்தமுறை வந்ததில் முக்கியமான கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எல்லாரும் முதலில் லீடரிடம், அதாவது அணி யாரை வெல்ல வைக்க ஓடுகிறதோ அவரிடம், ஓடுகிறார்கள். நான் அதற்கு எதிர். லீடருக்கு நாலு அணி கேட்டு நிற்கும். அவர் அவசரப்பட மாட்டார், நீங்கள் கேட்கக் கேட்க விலை ஏறும். லீடருக்காக உழைக்கிற துணைவீரரின் நிலைமை வேறு. அடுத்த வருடம் வேலை இருக்குமோ என்ற யோசனையோடேயே அவர் ஓடுகிறார். ஏப்ரல், மே மாதத்தில் இரண்டு வருட ஒப்பந்தத்தை நீட்டினால் நியாயமான சம்பளத்துக்குக் கையொப்பம் வைப்பார். இன்னொன்றும் இருக்கிறது. ஒப்பந்தத்தின் கடைசி வருடத்தில் ஓடுகிற துணைவீரர் தன் பெயருக்கு ஒரு வெற்றி தேடத் தொடங்குவார். அதில் பிழை சொல்ல முடியாது, அது அவருடைய சோறு. ஆனால் லீடருக்குத் தண்ணீர் கொண்டுவர வேண்டிய நேரத்தில் அவர் முன்னால் பிரிந்து போயிருப்பார். பெரிய பந்தயத்துக்கு முன் துணைவீரர்களின் கையொப்பத்தை வாங்கி வைத்தால் அணி ஓர் அணியாக ஓடும்.

துணைவீரரின் பெறுமதிக்கு 2023 ஆம் ஆண்டைப் பாருங்கோ. அந்த வருடம் யும்போ விஸ்மா மூன்று வாரப் பெரும் பந்தயங்களான ஜிரோ (இத்தாலி), டூர் (பிரான்ஸ்), வுவெல்டா (ஸ்பெயின்) மூன்றையும் வென்றது. ஒரே வருடத்தில் மூன்றையும் வென்ற முதல் அணி அதுதான். ஜிரோவை ரொக்லிச்சும் டூரை யோனாஸ் வின்கெகோவும் வென்றார்கள். இரண்டிலும் மலையில் அவர்களை இழுத்துக்கொண்டு போனவர் செப் கூஸ். மூன்றாவதாக வுவெல்டாவிலும் ஓடி, அதைத் தானே வென்றார். வின்கெகோ இரண்டாவது, ரொக்லிச் மூன்றாவது. அப்படி ஒருவர் உங்கள் தாளில் 22 ஆம் வரிசையில் சத்தமில்லாமல் இருக்கலாம். லீடரின் பேரத்துக்குள் மூழ்கியிருக்கும்போது அவர் கை நழுவிவிடுவார்.

இனி உங்கள் 17 பேர். இவர்கள் எல்லாருக்கும் இரண்டு வருடம் என்று ஒரே மாதிரிக் கொடுத்தால், இரண்டு வருடம் கழித்து இதே கேள்வியோடு வருவீங்கள். பிரித்துக் கொடுங்கோ. 24 முதல் 27 வயது வரையான மலைவீரருக்கு மூன்று வருடம், நடுவயதுத் துணைவீரருக்கு இரண்டு, 34 தாண்டியவருக்கு ஒன்று. எந்த ஆண்டிலும் பத்துப் பேருக்கு மேல் ஒப்பந்தம் முடியாதபடி வைத்திருக்கிற அணி, ஒருவர் போனாலும் ஆடாது. 17 பேரையும் வைத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. நாலைந்து பேரைப் போக விடுங்கோ. போகிறவருக்கு ஜூலையிலேயே சொல்லிவிடுங்கோ, வேறு அணி தேட அவருக்கும் நேரம் வேண்டும். கற்பனை வீரர் என்றாலும் இந்த மரியாதை பழகவேண்டிய ஒன்று.

பூநகரியிலிருந்து: மலையும் ஏறமாட்டான், ஸ்பிரிண்டும் இல்லை, சமதரையில மட்டும் 78. இப்பிடி ஒருத்தனுக்கு ஏன் சம்பளம்?

பரந்தனிலிருந்து பூநகரிக்குச் சோழகக் காற்றுக்கு முகம் கொடுத்து மிதித்திருக்கிறீங்கள்தானே? முன்னால் ஒருவர் போனால் எவ்வளவு இலகு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒண்டிப் போகிறவருக்கு மூன்றில் ஒரு பங்கு வரை சக்தி மிச்சம். டூரில் சமதரைக் கட்டங்களில் (ஒரு நாள் ஓட்டம் ஒரு கட்டம்) நாள் முழுக்கக் காற்றை வாங்குகிறவர் அந்த 78 தான். பக்கக் காற்று அடித்தால் கூட்டம் துண்டு துண்டாகும், லீடர் பின்துண்டில் மாட்டினால் மூன்று வாரப் பந்தயம் அன்றைக்கே முடிந்துவிடும். டூர் அணிக்கு எட்டுப் பேர்தான், 2018 இல் ஒன்பதிலிருந்து குறைத்தார்கள். அந்த எட்டில் இரண்டு இடம் இவர்களுக்கு வையுங்கோ. சம்பளமும் கூட வராது. எங்கள் லீக்கில் மலிவாகக் கிடைக்கிற நல்ல சாமான் இதுதான், ஆனாலும் ஒருவரும் எடுக்கிறார்கள் இல்லை.

வவுனியாவிலிருந்து: 36 வயது, பழைய சம்பியன், கேட்கிற சம்பளமும் குறைவு. எடுக்கலாமோ அண்ணா?

எத்தனை வருடத்துக்கு என்பதில் எல்லாம் இருக்கு. கிறிஸ் ஃபுரூம் நாலு டூர், இரண்டு வுவெல்டா, ஒரு ஜிரோ வென்ற பெரிய வீரர். 2019 இல் கோர விபத்து. அதன்பின் 2021 இல் இஸ்ரேல் அணி அவரை நீண்ட ஒப்பந்தத்தில் எடுத்தது. அந்த அணிக்காக அவர் ஒரு பந்தயம்கூட வெல்லவில்லை. எழுந்து நடந்ததே பெரிய விசயம், அந்த மனிதரில் எனக்கு மரியாதைதான். பிழை ஒப்பந்தத்தின் நீளத்தில் இருந்தது.

மற்றப் பக்கம் மார்க் கவென்டிஷ். எல்லாரும் முடிந்தது என்று நினைத்த நேரத்தில், 2021 இல் ஒரு வருட ஒப்பந்தத்தில் பழைய அணிக்குத் திரும்பி வந்து டூரில் நாலு கட்டங்களை வென்று, எடி மெர்க்ஸின் 34 கட்ட வெற்றிகளைச் சமன் செய்தார். 2024 இல் அஸ்தானா அணிக்காக 35 ஆவது. அப்போது அவருக்கு வயது 39. அந்த வருடம் அஸ்தானா செய்த கெட்டித்தனமான வேலை, கவென்டிஷை முடிவுக்கோட்டுக்கு இழுத்து விடுகிற மைக்கல் மோர்கோவையும் ஒப்பந்தம் செய்ததுதான். ஸ்பிரிண்டரைத் தனியே வாங்காதீங்கோ, அவரை இழுத்து விடுகிறவரோடு சேர்த்து வாங்குங்கோ. உங்கள் 36 வயதுக்காரருக்கு ஒரு வருடம் கொடுக்கலாம், அவர் ஸ்பிரிண்டர் என்றால், அவரை இழுத்து விடுகிறவருக்கும் காசு இருந்தால் மட்டும்.

ஓகஸ்ட் 1 க்கு முன் கதைச்சு முடிச்சிட்டன். குழுவில அறிவிக்கலாமோ?

கூடாது. கதைக்கலாம், அறிவிப்பு ஓகஸ்ட் 1 இலிருந்துதான்.

ஒட்டுசுட்டானிலிருந்து: என்னட்ட 19 வயதுப் பெடியன் ஒருத்தன். வளர்ச்சி எல்லை 85. இப்ப வித்தா நல்ல தொகை வரும். விக்கவோ?

விதைநெல்லை வித்துச் சோறு ஆக்குகிற வேலை அது. வேண்டாம். தொழில்முறைக்கு முதன்முதலாக வருகிற இளம் வீரருக்குப் பெரிய அணிகள் குறைந்தது இரண்டு வருட ஒப்பந்தம் கொடுக்க வேண்டும் என்பது விதி. முதல் வருடத்தை அவன் விழுந்தெழும்பிப் பழகுவதற்கென்றே விட்டிருக்கிறார்கள். அந்த வருடத்தில் பெரிய பந்தயத்துக்கு அனுப்பி உடைக்காதீங்கோ, ஒரு வாரப் பந்தயங்களில் ஓட விடுங்கோ.

தடெய் பொகாச்சர் 2019 இல் 20 வயதில் யூஏஈ அணிக்கு வந்தார். அடுத்த வருடமே, தன் முதல் டூரிலேயே முதலிடத்துக்குரிய மஞ்சள் சட்டையோடு முடித்தார். அவர் மாதிரி எல்லாரும் வரமாட்டார்கள். நான் காட்டுவது அணி நடந்துகொண்ட விதத்தை. ஒப்பந்தம் முடியும்வரை பார்த்திருக்காமல் திரும்பத் திரும்ப நீட்டினார்கள், இப்போது 2030 வரை போயிருக்கிறது. உங்கள் பெடியனுக்கும் இரண்டாம் வருடத்தின் தொடக்கத்திலேயே நீட்டுங்கோ. முதல் வெற்றி வந்த பிறகு கதைக்கப் போனால் அவனுடைய முகவர் வேறு தொகை சொல்லுவார்.

மாங்குளத்திலிருந்து: போன பருவம் டூரில ஒரு கட்டம் வெண்டன், ஆனா தரவரிசையில கடைசிக்குப் போயிட்டன். எப்பிடி?

புள்ளிக் கணக்கை ஒருமுறை பாருங்கோ. டூரில் ஒரு கட்ட வெற்றிக்கு 210 புள்ளி. பெரிதாக ஒருவரும் பார்க்காத, 1.1 எனப்படும் சிறிய தரத்து ஒருநாள் பந்தயத்தை வென்றால் 125. அப்படி இரண்டு வென்றவர் உங்களைத் தாண்டிப் போய்விட்டார். அணிக் கணக்கில் மேல் 20 வீரர்களின் புள்ளிகள் சேருகின்றன, 2023 க்கு முன் 10 பேருடையதுதான். அதனால் பதினைந்தாம், பதினெட்டாம் வீரரும் புள்ளி கொண்டுவர வேண்டும்.

யூசிஐயின் மேல் தட்டில் 18 அணிகள், மூன்று வருடத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்த்துக் கீழே இறக்குவார்கள். 2022 முடிவில் லொட்டோவும் இஸ்ரேலும் இறங்கின. அந்த வருடம் லொட்டோவின் ஆர்னோ டெ லீ என்ற 20 வயதுப் புதுமுகம் சிறிய பந்தயங்களில் ஓடி ஓடி வென்று புள்ளி சேர்த்தார். மேல் தட்டில் நிற்க அது போதவில்லை. ஆனால் இரண்டாம் தட்டில் முதலிடம் என்பதால் அடுத்த வருடம் பெரிய பந்தயங்களுக்கு லொட்டோவுக்கு அழைப்பு தானாகவே கிடைத்தது. உங்களுக்கும் ஒரு டெ லீ வேண்டும். சின்னப் பந்தயத்தை மதிக்கிற, வருடம் முழுக்க ஓடுகிற ஒருவர்.

முள்ளியவளையிலிருந்து: அண்ணா, பெண்கள் அணி நடத்துறன். என்ர லீடர் கர்ப்பம் எண்டு பகடை வந்திட்டுது. ஒப்பந்தத்தை முடிக்கச் சொல்லிச் சிலர் சொல்லினம்.

முடிக்க முடியாது தங்கச்சி. எங்கள் விதியில் இடமில்லை, இருந்தாலும் நான் பதியமாட்டேன். பெண்களின் மேல்தட்டு அணிகளுக்கு 2020 இல் குறைந்தபட்சச் சம்பளமும் மகப்பேற்று விடுமுறையும் விதியாக வந்தன. இங்கேயும் அதுதான்.

உங்களுக்கு நட்டம் என்றும் நினைக்காதீங்கோ. லிசி டைக்னன் கர்ப்பமாக இருந்த 2018 இலேயே, தொடங்கவிருந்த ட்ரெக் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. 2021 இல் பெண்களுக்கான முதலாவது பரிஸ்–ரூபே பந்தயத்தை, மழையில் சேறான கல்வீதிகளில் 80 கிலோமீற்றருக்கு மேல் தனியே ஓடி, அந்த அணிக்காகவே வென்றார். உங்கள் லீடருக்கு இரண்டு வருடம் நீட்டுங்கோ. அவர் திரும்பும்வரை இரண்டாம் வீராங்கனைக்கு லீடர் இடத்தைக் கொடுங்கோ, அவரும் வளரட்டும்.

முழங்காவிலிலிருந்து ஓர் ஆசிரியர்: தம்பி, எங்கட பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர அணிக்கு அனுசரணையாளர் விலகிட்டார் எண்டு தாளில வந்திருக்கு. வீரர்களின்ர சம்பளம் என்ன ஆகும்?

சேர், சைக்கிளோட்டத்தின் பலவீனமே இதுதான். வீதியோரத்தில் நின்று சும்மா பார்க்கிற விளையாட்டு, நுழைவுச்சீட்டு வருமானம் கிடையாது. அணியின் காசு பெரும்பாலும் அனுசரணையாளரின் காசு. அவர் போனால் அணியே போய்விடும். 2020 இல் சீசீசீ அணி அப்படி நின்றது, 2025 முடிவில் அர்கேயா. அதே நேரம் லொட்டோவும் இன்டர்மார்ஷேயும் ஒன்றாகச் சேர்ந்தன. இரண்டு அணி வீரர்களுக்கு ஓர் அணியில் இடம் எப்படிக் காணும்? பலர் வேலை தேட வேண்டி வந்தது.

இதற்காகத்தான் அணிகள் முன்கூட்டியே வங்கி உத்தரவாதம் வைக்க வேண்டும் என்று யூசிஐ கட்டாயப்படுத்துகிறது. அணி சம்பளம் கொடுக்காவிட்டால் அதிலிருந்து வீரருக்குப் போகும். பிள்ளைகளின் கணக்கிலும் பருவத் தொடக்கத்தில் ஒரு தொகையைப் பூட்டி வைத்திருக்கிறேன், இந்த மூன்று மாதச் சம்பளம் அதிலிருந்து போகும். புது அனுசரணையாளர் தேட அவர்களுக்கு செப்ரெம்பர் முடியும்வரை நேரம் இருக்கு. தேடுகிறபோது லீடரை விற்றுக் காசாக்க வேண்டாம் என்று சொல்லுங்கோ சேர். லீடர் இல்லாத அணிக்கு அனுசரணையாளர் கிடைப்பது அரிது.

மன்னாரிலிருந்து: என்ர வீரனுக்கு 2027 வரை ஒப்பந்தம் இருக்கு, ஆனா மனநிலை 20 க்கு வந்திட்டுது. போகப்போறன் எண்டு நிக்கிறான். பிடிச்சு வைக்கட்டோ?

பிடித்து வைக்கலாம், விதி உங்கள் பக்கம். ஆனால் ஓடமாட்டான். டொம் பிட்கொக்கின் நிலைமையும் இதுதான். 2027 வரை ஒப்பந்தம் இருந்தும் 2024 முடிவில் இனியோஸ் அணியும் அவரும் பேசிப் பிரிந்தார்கள். கீழ்த்தட்டு அணி ஒன்றுக்குப் போய், 2025 வுவெல்டாவில் மூன்றாவதாக வந்தார். இனியோஸுக்கு அந்தச் சம்பளம் மிஞ்சியது, அவருக்கு ஓட்டம் திரும்பியது.

முதலில் அவனுடைய பந்தய அட்டவணையைப் பாருங்கோ. உங்கள் தாளில் அவனை வருடம் முழுக்க இன்னொருவனுக்குத் துணையாகவே போட்டிருக்கிறீங்கள். கையொப்பம் வைக்கும்போது ஜிரோவில் லீடர் இடம் தருவதாகப் பதிவேட்டில் எழுதியிருக்கு. அதைக் கொடுத்துப் பாருங்கோ. அதற்குப் பிறகும் மனநிலை ஏறாவிட்டால், ஓகஸ்டில் மூன்று தரப்பும் கையொப்பமிட்ட தாளை எனக்கு அனுப்புங்கோ, பதிந்து விடுகிறேன்.