482 விசா நியமனத்தில் ஆள் உண்மையாகவே தேவை என்று எப்படிக் காட்டுவது?

மெல்பர்னில் உணவகம் நடத்தும் சித்தப்பா உங்களை 482 விசாவில், அதாவது ஆஸ்திரேலிய முதலாளி ஸ்பான்சர் செய்து வெளிநாட்டவரை எடுக்கும் தற்காலிக வேலை விசாவில், செஃப் வேலைக்கு எடுக்க விரும்புகிறார். அதற்காக முதலாளி அரசிடம் தரும் நியமன விண்ணப்பத்தில், அந்தப் பணியிடம் உண்மையிலேயே தேவை என்பதை எதைக் கொண்டு நிரூபிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் குடிவரவுச் சட்டம் படித்தவன் இல்லை. அதே ஊரில் உணவகம் வைத்திருக்கும் என் அக்காள் கணவருக்கு, வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து கணக்கு எழுதித் தருகிறேன். அவர் ஆம்பூரிலிருந்து ஒருவரை எடுக்க இரண்டு முறை விண்ணப்பித்தபோது காகிதங்களைத் தயார் செய்தவன் நான்தான்.

முதல் முறை நிராகரிக்கப்பட்டது, பிழை எங்களுடையது. பணிப்பட்டியலை அரசின் தொழில் வகைப்பாட்டிலிருந்து வரி மாறாமல் எடுத்து எழுதியிருந்தோம். ஆம்பூர் பிரியாணியை ஆம்பூர்க்காரர்தான் பதமாகத் தம் போட முடியும் என்று நான் ஒரு பக்கம் எழுதியதை அப்போது பெரிய வாதமாக நினைத்தேன். ஆனால் அதிகாரிக்கு வேண்டியது ஆளின் கைப்பக்குவம் அன்று. இந்த அளவுள்ள கடையில் உணவுப் பட்டியல் வகுத்து, செலவு மதிப்பிட்டு, சரக்கு வரவழைத்து, மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் முழுநேர செஃப் ஒருவருக்கு வேலை இருக்கிறதா, அதை இதுவரை யார் செய்தார்கள் என்பதுதான்.

இரண்டாம் முறை, விண்ணப்பத்துக்காக எழுதியவற்றைக் குறைத்துக்கொண்டு, கடையில் அன்றாடம் சேர்ந்த காகிதங்களையே முன்வைத்தோம். ஓராண்டுப் பணிநேர அட்டவணை, மாமாவே வாரத்தில் ஆறு நாள் அடுப்படியில் நின்றதையும் மற்ற இருவரும் பகுதிநேர மாணவர்கள் என்பதையும் சொல்லாமல் சொன்னது. காலாண்டு வரிக் கணக்கு விற்பனை ஏறியதைக் காட்டியது. ஆளில்லாமல் மறுத்த விருந்து ஆர்டர்களின் மின்னஞ்சல்கள் தேவையை உறுதிப்படுத்தின.

விளம்பரங்களைப் பொறுத்தவரை, நியமன விண்ணப்பத்துக்கு முந்தைய 6 மாதங்களுக்குள் குறைந்தது 2 விளம்பரங்கள் 28 நாள் வெளியாகியிருக்க வேண்டும். வந்த விண்ணப்பதாரர்களை ஏன் எடுக்கவில்லை என்பதையும் எழுதி வையுங்கள். 2024 டிசம்பர் 7 முதல் இந்த விசாவின் பெயர் Skills in Demand என்று மாறிவிட்டது. அதில் செஃப் வேலை வரும் பிரிவில் குறைந்தபட்சச் சம்பள வரம்பு 2025 ஜூலை 1 அன்று ஆண்டுக்கு 76,515 டாலராக உயர்ந்தது. அந்தச் சம்பளத்தைக் கடை தாங்குமா என்பதும் தேவையைப் பற்றிய கேள்விக்குள் அடங்கியதே.

உங்கள் விஷயத்தில் கூடுதல் சிக்கல், அவர் உங்கள் சித்தப்பா என்பது. உறவினரை எடுக்கத் தடை இல்லை. ஆனால் விசாவுக்காகவே உருவாக்கிய வேலையோ என்ற ஐயம் எழும் என்பதால், உறவை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இன்னொன்று: ஸ்பான்சர் செய்வதற்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் ஆஸ்திரேலியாவில் சட்டவிரோதம். ஆஸ்திரேலிய அரசின் பயிற்சி நிதிக்கான கட்டணத்தை, அதாவது ஆண்டு விற்றுமுதல் 1 கோடி டாலருக்குக் குறைந்த கடையானால் விசா ஆண்டொன்றுக்கு 1,200 டாலரை, சித்தப்பாதான் கட்ட வேண்டும். நம்மூர் முகவர் யாராவது அதை உங்கள் கணக்கில் சேர்த்தால் கொடுக்காதீர்கள்.