74 வயதில் கீமோ தாங்குமா?

கேள்வி: அம்மாவுக்கு வயது 74. கருப்பை உட்சுவரில் சீரஸ் வகைப் புற்றுநோய் வந்து, கருப்பையை எடுத்துவிட்டார்கள். நோய் தசையில் பாதிக்கு மேல் இறங்கியிருக்கிறதாம். "இந்த வயதில் கீமோ வேண்டாம்" என்கிறார்கள். வயதானவர்கள் பிழைப்பது கடினம்தானா?

பதில்: வயது கூடக்கூட வாய்ப்பு குறைவது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் வயது மட்டுமல்ல. சீரஸ் போன்ற மூர்க்கமான வகைகள் வயதானவர்களுக்கே அதிகம் வருகின்றன. மாதவிடாய் நின்றபின் வரும் உதிரத்தைப் பலர் மாதக்கணக்கில் சொல்வதில்லை. ஸ்கேனில் உட்சுவர் மெல்லியதாகத் தெரிந்தாலும் சீரஸ் வகை ஒளிந்திருக்கலாம். இவற்றோடு, வயதைக் காட்டிச் சிகிச்சையைக் குறைத்துவிடுவதும் ஒரு காரணம். அதை மட்டும் நம்மால் மாற்ற முடியும்.

சீரஸ் வகை வயிற்றுக்குள்ளும் தொலைவிலும் திரும்ப வரும். அதனால் அடிவயிற்றுக்குக் கதிர்வீச்சு மட்டும் கொடுத்தால் போதாது. கார்போபிளாட்டின், பாக்லிடாக்செல் என்ற இரண்டு கீமோ மருந்துகளை 3 வாரத்துக்கு ஒருமுறை கொடுப்பதே வழக்கம், பெரும்பாலும் 6 முறை. கார்போபிளாட்டின் அளவைச் சிறுநீரகத்தின் வேலைத்திறனை வைத்துக் கணக்கிடுவார்கள். மெலிந்த முதியவருக்குத் தசை குறைவு என்பதால், சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனையான கிரியாட்டினின் 'நார்மல்' என்றே வரும், அதை நம்பி அளவு கூடிவிடக் கூடாது. பாக்லிடாக்செல் கால் விரல்களை மரத்துப்போக வைக்கும், அதனால் தடுமாறி விழுவார்கள். மரப்பு தொடங்கியதுமே சொல்லிவிட்டால் மருந்தைக் குறைக்கலாம், வாரந்தோறும் சிறு அளவாகவும் பிரித்துக் கொடுக்கலாம்.

தாங்குமா என்பதைப் பிறந்த தேதியை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஜி-8 என்று ஒரு சிறு கேள்வித்தாள் இருக்கிறது. 17-க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் நடை, நினைவாற்றல், சத்து, மற்ற மாத்திரைகள் எல்லாவற்றையும் விரிவாகப் பார்க்க வேண்டும். கீமோ கூடாது என்று அதற்குப் பொருளில்லை! சில நிமிட வேலை இது. அதைக்கூடச் செய்யாமல் கோப்பில் 'வயது முதிர்ந்தவர்' என்று எழுதி மூடிவிடுவது எந்த மருத்துவம்?

சோதனைகளை விற்கும் இடைத்தரகர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். "புதிதாகச் சதை எடுத்து நூற்றுக்கணக்கான மரபணுக்களைப் பார்க்கலாம்" என்று வருவார்கள். அறுவை சிகிச்சையில் எடுத்த திசு, மெழுகு பிளாக்காக லேபில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். பி53, டிஎன்ஏ பிழைகளைச் சரிசெய்யும் எம்எம்ஆர், ஹெர்-2 ஆகிய புரதங்களைத் திசுவில் சாயமேற்றிப் பார்க்கும் சோதனைகளுக்கு அதுவே போதும். ஹெர்-2 அதிகமாக இருந்தால், அதைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தைச் சேர்ப்பதைப் பற்றிக் கேளுங்கள்.

அவர்கள் அதிகம் விற்பது போலி மரபணுச் சோதனையைத்தான். போலி என்றால் கள்ளச் சோதனை அல்ல, மரபணுவின் பெயரே அது (POLE). இதில் குறிப்பிட்ட மாற்றம் இருந்தால், கட்டி பார்வைக்கு மூர்க்கமாக இருந்தாலும் விளைவு மிக நன்றாக இருக்கும் என்பது உண்மை. ஆனால் அது அதிகம் காணப்படுவது இளையவர்களின் எண்டோமெட்ரியாய்டு என்ற வேறு வகைக் கருப்பைக் கட்டிகளில்தான். 74 வயதில், தெளிவான சீரஸ் வகையில் அது அரிது. அந்த அறிக்கைக்காகக் காத்திருந்து கீமோவைத் தள்ளிப்போடாதீர்கள். அறுவை முடிந்த 6 முதல் 8 வாரத்துக்குள் தொடங்கப் பாருங்கள். ஒவ்வொரு நிபுணரும் தனித்தனியாக நாள் கொடுத்தே அந்த வாரங்களைத் தின்றுவிடுகிறார்கள். எல்லோரும் ஒன்றாகக் கூடிப் பேசும் டியூமர் போர்டில் அம்மாவின் கோப்பை வைக்கும்படி எழுதிக் கேளுங்கள்.

கீமோ தொடங்கியபின் 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால், நடு இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.