அக்காகிட்ட கேளுங்க: ஒரே நாள்ல கேஎல் (கோலாலம்பூர்) முழுக்க பாத்துட்டு கச்சேரிக்கும் போயிடலாமா?

கேள்வி: அக்கா, வணக்கம். எங்க ஊரு ஈப்போ. கல்யாணமாகி 30 வருஷம் ஆகுதுன்னு மக எங்க ரெண்டு பேருக்கும் ட்வின் டவர்ல இருக்கற பில்ஹார்மோனிக் ஹால்ல நடக்கற மேல்நாட்டு இசைக் கச்சேரிக்கு டிக்கெட் எடுத்து குடுத்துட்டா, சனிக்கிழமை ராத்திரி 8 மணிக்கு. வெள்ளி ராத்திரியே வந்து பிரிக்பீல்ட்ஸ்ல தங்கறோம். சனிக்கிழமை பகல்ல பத்துமலை, டவர் மேல ஏறி பாலம், கேஎல் டவர், சென்ட்ரல் மார்க்கெட், புத்ராஜெயா எல்லாம் பாத்துடலாம்னு நெனைக்கிறேன். வீட்டுக்காரருக்கு முட்டி வலி, பழைய சினிமா பாட்டு தவிர வேற எதையும் காது குடுத்து கேக்கவும் மாட்டாரு. எப்படி பிளான் போடறது?
- ஒரு வாசகி, ஈப்போ

பதில்: லிஸ்ட்ட படிச்சதும் எனக்கே முட்டி வலிச்சுச்சு. புத்ராஜெயாவ அடிச்சிருங்க, கேஎல் டவரையும் அடிச்சிருங்க. கச்சேரிதான் அன்னிக்கி கல்யாணப் பொண்ணு, மத்ததெல்லாம் தோழிங்க மாதிரி. அதனால 8 மணியிலேர்ந்து பின்னாடி எண்ணிட்டு வாங்க, காலையிலேர்ந்து முன்னாடி எண்ணாதீங்க. இத நான் பட்டுதான் சொல்றேன். ஒரு தடவ ஒரு கச்சேரிக்கு இன்னும் நேரம் கெடக்குன்னு ஊர சுத்திட்டு காடியில கெளம்பினோம், மழ பிடிச்சிருச்சு, ஜாம்ல மாட்டி நாலே நாலு நிமிஷம் லேட்டு. கதவு சாத்தியாச்சு. ஒரு உருப்படி முடியற வரைக்கும் பட்டுப்புடவையோட வெளியில நின்னு சுவத்த பாத்துட்டு இருந்தேன், வீட்டுக்காரர் என்னைய பாத்துட்டு இருந்தாரு, பேசவே இல்ல.

காலையில சீக்கிரமா கெளம்பி பத்துமலைக்கு போயிடுங்க. உங்க பிரிக்பீல்ட்ஸ் பக்கத்துல இருக்கற கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்து கேடிஎம் கொம்யூட்டர் ரயில் நேரா போவுது, மாற வேண்டாம், அரை மணி நேரம் போல ஆகும், ஒரு ரயில விட்டுட்டா அடுத்ததுக்கு நல்லா காத்துருக்கணும் அதனால டைம் பாத்துட்டு போங்க. 272 படி. முட்டி வலிக்காரர ஏத்தாதீங்க, அவரு கீழயே நின்னு 42.7 மீட்டர் முருகர அண்ணாந்து பாத்து கும்பிடட்டும், 2006ல தொறந்த சிலை, அதுவே பெரிய தரிசனம்தான். வேணும்னா ஸ்டேஷன் பக்கத்துலயே இராமாயண குகை இருக்கு, தனியா டிக்கெட். நீங்க மட்டும் மெதுவா ஏறி வாங்க, 2018ல கலர் கலரா பெயிண்ட் அடிச்ச படிங்க அது, போட்டோவுக்கு நல்லா வரும். கையில பிளாஸ்டிக் பை மட்டும் வேண்டாம். எங்க அத்தை அர்ச்சன தேங்காய வெள்ளப் பையில போட்டு தொங்கவிட்டுட்டு போனாங்க, நூறாவது படியோ என்னமோ, ஒரு குரங்கு வந்து பைய இழுக்கல, அடியில நகத்தால ஒரு கீறு கீறிச்சு, தேங்கா அதுவா உருண்டு கீழ போச்சு, அது பின்னாடியே குரங்கும் போச்சு, வாழைப்பழத்த வேற ஒண்ணு எடுத்துருச்சு.

கேஎல் சென்ட்ரலுக்கு திரும்பி வந்து எல்ஆர்டி ரயில்ல ஒரே ஸ்டேஷன், பசார் செனி. 1873ல ஆரம்பிச்ச மகாமாரியம்மன் கோயில் அங்கேர்ந்து நடக்கற தூரம், தைப்பூச வெள்ளி ரதம் பத்துமலைக்கு கெளம்பறது இந்த வாசல்லேர்ந்துதான். சென்ட்ரல் மார்க்கெட் 1888ல மீனு, காய்கறி வித்த எடம், இப்ப பாத்திக், கைவினை சாமான், முக்கியமா ஏர்கோன். வீட்டுக்காரர அதுல உக்கார வைங்க. தெம்பு இருந்தா மஸ்ஜித் ஜாமெக் பக்கம் ரெண்டு ஆறு சேர்ற எடத்த எட்டிப் பாருங்க, ஊருக்கு கோலாலம்பூர்னு பேரு வந்ததே அந்த சேத்துக் கழிமுகத்தாலதான். அதுக்கு மேல வேண்டாம்.

மத்தியானம் பிரிக்பீல்ட்ஸ்ல வாழை இலை சாப்பாடு, அப்பறம் ரூமுக்கு போயி படுத்துருங்க. நெசமாத்தான் சொல்றேன், தூங்குங்க. கேஎல்ல சாயந்திரம் மூணு நாலு மணிக்கு மேல இடி மழ வர்றது சகஜம், அந்த நேரத்துல வெளிய சுத்தறதுல ஒரு புண்ணியமும் இல்ல, அதோட மத்தியானம் தூங்காத ஆம்பள 8 மணி கச்சேரியில என்ன பண்ணுவாருன்னு உங்களுக்கே தெரியும்.

ஆறு மணிக்கெல்லாம் ரெடியாயி எல்ஆர்டி ஏறுங்க, காடி வேண்டாம். கேஎல் சென்ட்ரல்லேர்ந்து கேஎல்சிசி அஞ்சாவது ஸ்டேஷன், மாறாம போகலாம், மழயும் ஜாமும் ஒண்ணும் செய்யாது. உடுப்பு விஷயத்துல ஜாக்கிரத, அரக்கால் சட்ட, டீசர்ட், சிலிப்பர் போட்டா உள்ள விட மாட்டாங்க, அவருக்கு நீளக்கை பாத்திக் சட்ட போதும், நீங்க புடவ கட்டுங்க, ஒரு சால்வையும் எடுத்துக்குங்க, குளுரும். டவர் பாலமும் வேண்டாம், அதுக்கு டிக்கெட் நேரம் போட்டு குடுப்பாங்க, அந்த நேரத்த புடிக்க ஓடணும், 41வது மாடியிலேர்ந்து எல்லாம் தெரியும், ட்வின் டவர் மட்டும்தான் தெரியாது. பூங்காவுல நின்னு பாருங்க, 452 மீட்டரும் காசில்லாம தெரியும். கச்சேரி முடிஞ்சு வந்தீங்கன்னா வெளக்கு போட்டு இன்னும் அழகா இருக்கும். ராத்திரி சோறு கச்சேரிக்கு முன்னாடியே கொஞ்சமா சாப்பிட்டுக்குங்க.

கேள்வி: அதே ஹாலுக்கு நாங்களும் போனோம் அக்கா. வயலின் கோஷ்டி ஒரு எடத்துல பிரமாதமா நிறுத்துனாங்க, எங்க வீட்டுக்காரர் 'பலே'ன்னு சத்தமா சொல்லி கை தட்டிட்டாரு. அவரு ஒரு ஆளுதான் தட்டுனாரு. எனக்கு மானமே போச்சு. என்ன தப்பு?
- சிரம்பான் வாசகி

பதில்: தப்பே இல்லீங்க, நம்ம பழக்கம் அது. நம்ம கச்சேரியில தொடையில தாளம் போடலாம், தலையாட்டலாம், நல்ல எடத்துல 'ஆஹா' சொல்லலன்னா பாடறவருக்கே மனசு விட்டுப் போயிடும். அங்க ஒரு சிம்பொனின்னா, அதாவது வாத்தியக் கோஷ்டி வாசிக்கற ஒரு பெரிய உருப்படின்னா, பெரும்பாலும் நாலு பகுதி, ஒவ்வொண்ணு முடிஞ்சதும் நிப்பாங்க, அது முடிவு இல்ல. அந்த எடவெளியிலதான் அத்தன பேரும் இருமுவாங்க, கவனிச்சீங்களா? நான் ஒரு வழி வச்சிருக்கேன். கோஷ்டிய முன்னாடி நின்னு நடத்தறவர் கைய பாத்துட்டே இருப்பேன், கை பாதி ஒசரத்துல நின்னா இன்னும் இருக்குன்னு அர்த்தம், ரெண்டு கையும் எறங்கி அவரு நம்ம பக்கம் திரும்புனாதான் தட்டுவேன், அதுவும் பக்கத்து சீட்டு தட்டுனதுக்கு அப்பறம். அடுத்த தடவ போனா ஆரம்பத்த கேக்க சொல்லுங்க அவர. ஓபோன்னு ஒரு கொழல் ஒரே ஒரு சுரத்த புடிச்சு நிறுத்தும், மத்த வாத்தியமெல்லாம் அதுல வந்து ஒட்டும். நம்ம சுருதி சேக்கறது மாதிரியேதான். 'பலே'ய வாய்க்குள்ள சொல்லிக்கட்டும்.

கேள்வி: எங்க அம்மாவுக்கு கச்சேரின்னா நம்ம கச்சேரிதான். கேஎல்ல எங்க கூட்டிட்டு போறது?
- கிள்ளான் வாசகர்

பதில்: பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவுல டெம்பள் ஆப் பைன் ஆர்ட்ஸ் இருக்கு தம்பி, சுவாமி சாந்தானந்த சரஸ்வதி 1981ல தொடங்குனது, பாட்டு, வாத்தியம், பரதம் எல்லாம் அங்க சொல்லித் தர்றாங்க, நிகழ்ச்சியும் நடக்கும். தேதிய போன் போட்டு கேட்டுட்டு போங்க. அம்மாவுக்கு உக்கார மெத்தை வேணுமான்னும் யோசிச்சுக்குங்க, நம்ம கச்சேரி ஒரு மணி நேரத்துல முடியாது.